வாடகை வீட்டின் வாயிற்கதவு

வாடகை வீடொன்றின் வாயிற்கதவு யாருக்குரியது? உறுதியைத் தம் பெட்டியில் வைத்திருப்பவர்க்கா, மாதந்தோறும் பணங் கொடுத்து உள்ளே உறங்குபவர்க்கா, அன்றி நகரத்தின் நலம் பேணும் மாநகர சபைக்கா? அமெரிக்க ஐக்கிய நாட்டு நகரங்கள் பலவற்றில் இவ்வினா நெடுங்காலமாக எழுந்து வருகின்றது. அங்கே வாடகைக்கு விடப்படும் வீடுகளைக் குறித்த காலத்துக்கொருமுறை பரிசோதித்து, குடியிருத்தற்குத் தக்கனவெனச் சான்றிதழ் வழங்கும் விதிகள் பல நகரங்களில் உள. உரிமையாளர் தாமே வாழும் வீட்டுக்குப் பெரும்பாலும் அவ்விதி இல்லை. இவ்வேற்றுமை நீதியாகுமோ என்பதே ஆராயத்தக்கது.

உரிமையாளர் கூறும் குறை இது: “எம் வீட்டை மட்டும் சோதிப்பானேன்? அயலவர் வீட்டுக் கூரை ஒழுகவில்லையா?” கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆயினும் கடைக்காரரின் தராசுக்கு அரச முத்திரை வேண்டும். நம் சமையலறையில் அரிசி அளக்கும் கொத்துக்கு அது வேண்டியதில்லை. பிறரிடம் விலை பெற்றுப் பொருள் கொடுப்பவர் சோதனைக்கு உட்படுதல் இழிவன்று. சோதனைக் கட்டணம் ஈற்றில் வாடகையிற் சேர்ந்துவிடும் என்பது மெய்யே, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கட்டணத்தைக் காட்டிச் சோதனையையே நீக்கவேண்டும் என்பாரோடு யாம் உடன்படோம்.

குடியிருப்பவரின் குறையோ கனமுடையது. பரிசோதகர் காண்பது உரிமையாளரின் சுவரை மட்டுமன்று. குடியிருப்பவரின் பாயையும் பாத்திரத்தையும் நோயாளியையும் அவர் காண்கின்றார். 1959ஆம் ஆண்டில், எலி தேடி வந்த பரிசோதகரை உள்ளே விட மறுத்த பால்ட்டிமோர் நகரத்தவர் ஒருவருக்கு விதித்த தண்டத்தை அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் உறுதி செய்தது. எட்டாண்டுகள் கழிந்தபின், 1967இல், சான் பிரான்சிஸ்கோவில் வாடகைக்கிருந்த ஒருவர் தொடுத்த கமாரா வழக்கில், அதே நீதிமன்றம் அறுவருக்கு மூவராகத் தன் முடிபை மாற்றிற்று. இசைவில்லாதவர் வீட்டினுள் நீதவானின் ஆணையின்றி நுழைதல் ஆகாது என்றது. குற்றம் செய்தாரென ஐயுறப்படுவோர்க்கு உள்ள காவல், ஐயுறவுக்கே இடமில்லாதவர்க்கு இல்லாதிருத்தல் எவ்வாறு பொருந்தும் என்பது அத்தீர்ப்பின் கருத்துகளுள் ஒன்று. எனினும் அவ்வாணை பெறுதற்குக் குறித்த வீட்டின் மேல் ஐயம் வேண்டியதில்லை. கட்டடத்தின் தன்மை, சென்ற சோதனைக்குப் பின் கழிந்த காலம், சுற்றுப்புறத்தின் நிலை என்பவையே போதும் எனவும் அது கூறிற்று. வலக்கையாற் கொடுத்ததில் ஒரு பகுதியை இடக்கையால் வாங்கிய தீர்ப்பு எனலாம். ஆயினும் வாயிலில் நின்று அனுமதி கேட்கும் கடமை பரிசோதகர்க்கு வந்தது, அது சிறிதன்று.

அப்படியானால் முறைப்பாடு வந்த வீட்டை மட்டும் சோதித்தால் போதாதா என்பர் சிலர். போதாது. முறையிட்டால் அடுத்த மாதம் வெளியே நிற்க நேருமோ என்று அஞ்சுபவர் முறையிடார். மிகப் பழுதான வீட்டில் இருப்பவரே மிக அஞ்சுபவருமாவர். முறைப்பாடு பேச அறியாத குழந்தை என்செய்யும்?

நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் நகரம் இதற்குச் சான்று. வீடுகளுக்குப் பூசும் ஈயவண்ணம் அந்நாட்டில் 1978இல் தடைசெய்யப்பட்டது. ஆனால் அதற்கு முன் பூசியது சுவரிலும் சாளரத்திலும் எஞ்சிநின்றது. அது உதிர்ந்து தூசியாகிக் குழந்தையின் கைவழி வாயிற் புகும். மூளையைத் தாக்கிக் கற்கும் ஆற்றலைக் குறைக்கும். அந்நகரின் 17ஆம் இலக்கப் பள்ளி அதிபர் ரால்ஃப் ஸ்பெசியோ, தம் பள்ளியிற் சேரும் சிறாருள் நூற்றுக்கு 41 பேரின் குருதியில் ஈயம் மிகுந்திருந்ததை அறிந்து திடுக்குற்றார். மந்தமானவன், குழப்படிக்காரன் என்று நாம் வகுப்பிற் பெயர் சூட்டிப் பின்வாங்கில் இருத்தும் பிள்ளைகளை இவ்விடத்து நினைத்தல் நன்று. அதுகாறும் பிள்ளையின் குருதியில் நஞ்சு கண்டபின்னரே வீடு சோதிக்கப்பட்டது; பிள்ளையே சோதனைக் கருவி! அவரும் பிறரும் கூடி முயன்றதன் பயனாக 2005இல் மாநகர சபை, பழைய வாடகை வீடுகளை முற்கூட்டியே ஈயத்துக்காகச் சோதிக்கும் விதியை இயற்றிற்று. பின்னர் அந்நோய்க்குள்ளான சிறாரின் தொகை பெரிதும் குறைந்தது. வேறு காரணங்களும் துணைநின்றிருக்கலாம். ஆயினும் அவ்விதியின் பங்கைக் குறைத்து மதிப்பிடல் தகாது.

ஆகவே எல்லா வாடகை வீடுகளையும் முறைவைத்துச் சோதித்தலே, முறையிட்டவர் வீட்டை மட்டும் சோதித்தலினும் நீதியுடையது என்பது எம் துணிபு. ஆனால் ஒன்றை இவ்விதிகளை ஆக்குவோர் எளிதில் மறக்கின்றனர். வீடு குடியிருத்தற்குத் தகாததெனப் பரிசோதகர் எழுதிவிட்டால் முதலில் மூட்டை கட்டுபவர் யார்? உரிமையாளர் அல்லர். ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்தது ‘வீடு’ என்று இலக்கண வகுப்பிற் கற்பிக்கின்றோம். வாடகைக்கிருப்போர்க்கு அச்சொல் வேறொரு வகையிற் பொருந்திவிடுகின்றது. திருத்தம் முடியுமளவும் அக்குடும்பம் எங்கே தங்கும், அச்செலவு யாருடையது, திரும்பி வரும்போது பழைய வாடகைக்கே வரலாமா என்பவற்றைச் சான்றிதழுக்கான கட்டணம் எழுதப்படும் அதே தாளில் எழுதிவைத்தால் என்ன?