சட்டைப்பை மெட்ரோனோம்

இசை பயிலும் மாணாக்கர் தமக்குரிய வாத்தியத்தைத் தேர்வதிற் காட்டும் ஆர்வத்தைக் காலவளவு காட்டும் கருவியின்பாற் காட்டுவதில்லை. வயலினுக்கு நல்ல வில் வேண்டும் என்பார். வீணைக்கு மேளங் கட்டத் தேர்ந்த கை வேண்டும் என்பார். பியானோவிற்குச் சுருதி கூட்டுவோர் ஆண்டிற்கு இருமுறையேனும் வருதல் வேண்டும் என்பார். லயம் ஒன்று மட்டும் தானே வந்து அமையும் என்பது அவர்தம் எண்ணம் போலும். அது தானே வந்து அமைவதன்று என்பதை யாம் பட்டே அறிந்தோம்.

எம் மாணவப் பருவத்தில் யாமும் தோழர் நால்வரும் வயலின் குழுவொன்றாகக் கூடி, ஒரு விழாவிற்கென இரண்டு திங்கள் பழகினோம். அன்று மாலை அவையோர் நெடுநேரம் கைதட்டினர். யாமும் உளம் பூரித்து வீடு திரும்பினோம். மறுவாரம் ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான் நிகழ்ந்தது புலனாயிற்று. நிமிடத்திற்கு 96 அடியாகத் தொடங்கிய பாட்டு, முடியுங்காலத்து 116 அடியை எட்டியிருந்தது. எளிய இடங்களில் ஓடியிருந்தோம். விரல் சிக்கும் இடம் வந்தவுடன் தயங்கியிருந்தோம். அதனைக் கடந்ததும், பிழைத்தோம் என்னும் மகிழ்ச்சியால் முன்னினும் விரைந்து ஓடியிருந்தோம். ஐவரும் ஒருங்கே ஓடினமையின் ஒருவருக்கேனும் ஐயம் எழவில்லை. அன்றுதொட்டு, காலவளவைப் பொறுத்தமட்டில் எம்முடைய நெஞ்சையே சான்றாகக் கொள்ளும் வழக்கத்தை விட்டொழித்தோம்.

மெட்ரோனோம் என்பது கிரேக்கச் சொற்கள் இரண்டின் கூட்டு. முன்னது அளவையும் பின்னது நியதியையும் குறிக்கும். மேனாட்டில் ஊசற்குண்டினைக் கொண்டு இசையின் காலத்தை அளக்க முயன்றோர் பலர். பிரான்ஸ் நாட்டு எத்தியேன் லூலியே என்பார் 1696-ஆம் ஆண்டிலேயே தம் நூலில் அத்தகைய கருவியொன்றை விளக்கியுள்ளார். ஆயின் தனி ஊசலிற் பெருங்குறை ஒன்று உண்டு. மெல்ல ஆடவேண்டின் கயிறு நீளல் வேண்டும். நிமிடத்திற்கு 40 அடி காட்டவேண்டின் ஏழடிக்கும் மேற்பட்ட நீளக் கயிறு வேண்டப்படும். ஆம்ஸ்டர்டாம் நகரில் வாழ்ந்த விங்கெல் என்பார், சுழலச்சின் மேலும் கீழும் பாரம் வைத்த குறுங்கோல் ஒன்று மெல்லவும் ஆடவல்லது என்பதை 1814-இற் கண்டறிந்தார். மெல்ட்ஸெல் என்பார் அதனைக் கண்டு, அளவுக்கோடுகளை உடன்சேர்த்துத் தம் பெயராற் காப்புரிமை பெற்று, 1816 முதல் பாரிஸ் மாநகரிற் செய்து விற்றார். கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர். பின்னர் நெதர்லாந்து நாட்டு அறிஞர் அவை விங்கெலின் பக்கமே தீர்ப்புக் கூறிற்றெனினும், இன்றும் இசையேடுகளில் அளவுக்குறியின்முன் நிற்கும் முதலெழுத்துக்கள் மெல்ட்ஸெலின் பெயரையே குறிக்கின்றன.

அம்மரப்பெட்டிக் கருவி இன்றும் அழகியதே. எனினும் அது சமதளத்தில் நிற்றல் வேண்டும். மேசை சிறிது சாய்ந்திருப்பினும் ஓரடி நீண்டும் ஓரடி குறுகியும் நொண்டும். பையில் இட்டுக் கொண்டு செல்லலும் ஆகாது. இக்காலத்து டிஜிட்டல் கருவியோ தீப்பெட்டி இரண்டின் அளவினது. உள்ளே ஊசலுக்கு மாறாகப் படிகத்துண்டு ஒன்று மின்னோட்டத்தால் அதிர்கின்றது. சிறிய மின்சுற்று ஒன்று அவ்வதிர்வுகளை எண்ணி, குறித்த எண்ணிக்கை நிறைந்தபோதெல்லாம் ஓர் ஒலியை எழுப்புகின்றது. கைக்கடிகாரத்தில் நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தின் இனமே இதுவும். அத்தகைய கடிகாரம் திங்கள் ஒன்றில் ஒரு சில வினாடிகளே பிழைபடும் என்பதை யாவரும் அறிவர்.

இவ்வுண்மையினின்று வாங்குவோர் அறியத்தக்கது ஒன்றுண்டு. காலநுட்பத்தின் பொருட்டு மிகுபொருள் கொடுத்தல் வீண். மலிவான கருவிக்கும் விலையுயர்ந்த கருவிக்கும் அவ்வகையில் உள்ள வேற்றுமை நம் செவிக்கு எட்டுவதன்று. கடைக்காரர் அதனை எவ்வளவு புகழ்ந்துரைப்பினும் செவிசாய்த்தல் வேண்டா. பொருள் கொடுக்கத்தக்கது ஒலிக்கே. எத்துணைக் கருவிகளில் ஒலி சிறுபறவை கீச்சிடுவதுபோல் மெலிந்து, வயலினின் மேற்றந்தி ஒலித்தவுடன் மறைந்துபோகின்றது! வயலின் வாசிப்போர்க்கு வாத்தியம் இடச்செவியின் அணித்தே ஒலித்தலின் இக்குறை மிகவும் வருத்தும். மிருதங்கம் பயில்வோர் நிலையும் அஃதே. ஆதலின் கடையில் எண்களைப் படித்துக்கொண்டு நில்லாது, கருவியை முடுக்கி நான்கு முழத் தொலைவில் வைத்து, உடன் வந்த நண்பரை உரக்கப் பாடச் சொல்லிக் கேட்க. கடையிலுள்ளோர் நகைப்பராயின் நகைக்கட்டும். அவ்வாறு கேட்டும் ஒலி போதாதெனின், செவிக்குழாய் செருகும் துளை உண்டாவெனப் பார்க்க. செவிக்குழாயிட்டுப் பழகுங்கால் ஒலியைத் தாழ்த்தியே வைத்தல் வேண்டும். மணிக்கணக்காகச் செவிக்குள் தட்டும் ஒலி தீங்கு பயக்கும்.

ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் அழுத்துகட்டைகளினும் விரலாற் சுழற்றும் சிறு சக்கரமே சிறந்தது. அதன் பயன் பின்னர் விளங்கும். அளவெல்லை நிமிடத்திற்கு 30 அடி முதல் 250 அடி வரை இருப்பின் எவர்க்கும் போதும். கீழெல்லை 40-இல் நின்றுவிடும் கருவி சவுக்ககாலம் பயில்வோர்க்கு உதவாது. பழைய மரப்பெட்டியின் கோலில் 60-ஐ அடுத்து 63-உம், 120-ஐ அடுத்து 126-உம் பொறிக்கப்பட்டிருக்கும். இடையெண்களுக்கு இடமின்மையே அதன் காரணம். சில டிஜிட்டல் கருவிகளும் இவ்வழக்கையே பின்பற்றித் தாவித் தாவிச் செல்வன. ஒவ்வோர் எண்ணாகவும் செல்லவல்லதனையே தேர்க. விரலால் நான்குமுறை தட்டிய அளவில் அவ்வேகத்தைக் கணித்துக் காட்டும் வசதி மிகவும் பயனுடைத்து. ஆசிரியர் பாடும் வேகத்தை அப்பொழுதே குறித்துக்கொண்டு வரலாம். நிலையான சுருதியொலி எழுப்பும் வசதியும் பலவற்றில் உண்டு. இருப்பின் நன்று, இல்லையெனின் குறையில்லை.

இனி, கைப்பேசியிலேயே இக்கருவி விலையின்றிக் கிடைக்கும்போது தனியே ஒன்றனை வாங்குவது எற்றுக்கு என மாணாக்கர் வினவுவர். நேரிய வினாவே. அடியொலியின் தரத்தால் கைப்பேசி தாழ்ந்ததன்று. சில வகையில் உயர்ந்ததுமாம். எம்முடைய மறுப்பு வேறு. கைப்பேசியை முன்வைத்துக்கொண்டு சாதகம் செய்வோர் அரைமணி நேரத்தில் எத்தனைமுறை அதனைக் கையிலெடுக்கின்றனர் என்பதை விடுதியறைகளின் வழியே நடந்து செல்வோர் எளிதிற் காணலாம். வேகத்தை மாற்றவென எடுத்த கை, வந்திருக்கும் செய்தியைத் திறக்கின்றது. அதற்கு மறுமொழி எழுதுகின்றது. வில் மடிமேற் கிடக்கின்றது. ஒரு தொழிலன்றி மறுதொழில் அறியாத கருவிக்கு இவ்விடத்தே தனிச்சிறப்பு உண்டு. எனினும், ஒன்றை வாங்கும் வசதி இல்லாதவர் அதுபற்றி வருந்துதல் வேண்டா. கைப்பேசியின் வானொலித் தொடர்பை அறுத்துவிட்டு, அதனையே பயன்படுத்துக. கம்பியில்லாச் செவிக்குழாயை மட்டும் நீக்குக. அதன்வழி ஒலி சற்றே தாழ்த்து வருதலின் திரையில் மின்னும் அடியும் செவியிற் கேட்கும் அடியும் ஒவ்வா.

கருவியை வாங்கியோர் பலரும் அதனைக் கையாள்வதிற்றான் வழுவுகின்றனர். பாட்டின் முடிந்த வேகத்தை முதலிலேயே அமைத்து, அதன்பின் மூச்சிரைக்க ஓடுவர். இரண்டு நாளில் அலுத்துக் கருவியைப் பெட்டியில் வைத்துவிடுவர். செய்யத்தக்கது நேர்மாறானது. கடினமான ஓரிடத்தை மட்டும் தனியே எடுத்து, பிழையின்றி மும்முறை தொடர்ந்து வாசிக்கக்கூடிய வேகம் யாதெனக் காண்க. அது நாணத்தக்க அளவிற்குக் குறைவாகவே இருக்கும். 120-இல் வாசிக்கவேண்டியதனை 52-இல் தொடங்கினேம் என்று கூற எமக்கு வெட்கமில்லை. பின்னர் நான்கு நான்கு அடியாக ஏற்றுக. பிழை நேரின் எட்டடி இறங்குக. அவ்வப்போது எட்டிய எண்ணை ஏட்டின் ஓரத்திற் பென்சிலாற் குறித்து வைப்பது நலம். வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும், பொய்யுரைக்க இடமுமில்லை.

இஃது முதற்படி. இங்கேயே நின்றுவிடுவோர் கருவியின்றி நடக்கவியலாதவராய்விடுவர் என்பது இதனை மறுப்போர் கூறும் குற்றம், அதில் உண்மையுண்டு. ஆதலின் வேகம் அமைந்தபின் அடிகளைக் குறைத்தல் வேண்டும். நான்கடிப் பாகம் உடைய பாட்டு 120-இல் ஓடுவதாயின் கருவியை 60-இல் வைக்க. ஓரடி விட்டு ஓரடி ஒலிக்கும். அதுவும் பழகியபின் 30-இல் வைக்க. பாகத்திற்கு ஒருமுறையே ஒலிக்கும், இடையிலுள்ள மூன்றடியும் நம் பொறுப்பு. சக்கரத்தின் பயன் இப்பொழுது விளங்கும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே உடன் பழகுவோர் ஒருவர் அதனைத் திருகி ஒலியை முற்றும் அடக்கி, விளக்கையும் மறைத்து, எட்டுப் பாகம் கழித்துத் திறந்து விடட்டும். அவ்வொலி நம் அடியோடு பொருந்தி வந்து சேரும் வேளையில் உண்டாகும் இன்பம் சொல்லுந்தரமன்று. பொருந்தாதபோது தெரியவருவதும் பெரும்பயனே. விரைபவர் யார், பிந்துபவர் யார் என்பது அன்றே வெளிப்படும். எம் ஐவருள் யாமே விரைபவர் என்பதை இம்முறையாற்றான் அறிந்தோம்.

கருநாடக இசை பயில்வோர்க்கு இக்கருவி அயலாரின் பொருளாகத் தோன்றக்கூடும். கையிலேயே தாளம் இருக்கையிற் பையில் ஒன்று எதற்கு என்பர். யாம் கூறுவது, கைக்கு மாற்றாக அன்று, கையைச் சோதிக்கும் சான்றாகவே கொள்க என்பதாம். ஆதிதாளத்தில் தட்டி, மூன்று விரலெண்ணி, தட்டி வீசி, தட்டி வீசும் கை பாட்டின் எவ்விடத்தில் நிற்கின்றோம் என்பதை உணர்த்தும். கருவி உணர்த்துவது அவ்வெட்டு அட்சரங்களும் ஒத்த நீளத்தன என்பது ஒன்றையே. லகு யாது, திருதம் யாது என அது அறியாது. கை ஓடினால் பாட்டும் உடன் ஓடும். தனித்து நிற்கும் சான்று அப்போது வேண்டும். சரளிவரிசையை மூன்று காலத்திற் பாடும் சிறார்க்கு இது மிகவும் உதவும். கருவியை 60-இல் வைத்தால் முதற்காலத்தில் நிமிடத்திற்கு 60 சுரம், இரண்டாங்காலத்தில் 120, மூன்றாங்காலத்தில் 240 வருதல் வேண்டும். பெரும்பாலும் நாம் கேட்பது யாதெனின், மூன்றாங்காலம் கடினமாதலின் தாளமே சற்று மெலிந்துகொடுத்துச் சுரங்களுக்கு இடந்தருவது. கருவி இடந்தராது.

மிசிரசாபு, கண்டசாபு பயில்வோர் வாங்குமுன் கருவி ஏழும் ஐந்தும் எண்ணவல்லதா எனப் பார்த்தல் வேண்டும். நான்கோடும் ஆறோடும் நிற்பன பல. எண்ணினும் முதலடியை மட்டுமே உயர்த்தி ஒலிக்கும். மூன்றும் நான்குமாகப் பிரியும் நடையை நாமே உட்கொள்ளல் வேண்டும். ஓரடியை இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் பகுத்து ஒலிப்பன எளிதிற் கிடைக்கும். கண்டநடையும் மிசிரநடையும் பெரும்பாலான சிறுகருவிகளில் இல்லை. அட்சரத்தின் இடையே எடுக்கும் பாட்டுக்களிலும் கருவி இடங்காட்டாது.

ஆலாபனைக்கும் விருத்தத்திற்கும் இதனை மூடிவைக்க வேண்டும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. மேனாட்டாரிலும் இதனை ஐயுற்றோர் உளர். பிராம்ஸ் மெட்ரோனோம் அளவுகளைப் பெரிதும் மதித்தவரல்லர். பேத்தோவனோ மகிழ்ந்து வரவேற்று, 1817-இல் தம் எட்டுச் சிம்பொனிகளுக்கும் அளவெண் வெளியிட்டார். தம் 106-ஆம் எண் சொனாட்டாவின் முதற்பகுதிக்கு அரைச்சுரம் நிமிடத்திற்கு 138 என விதித்தார். இன்றளவும் பியானோ வல்லோர் பலர் அவ்வேகத்தைக் கைக்கொள்ளாது குறைத்தே வாசிக்கின்றனர். அவரெண் பிழையா, நம் கைகள் பிழையா என்னும் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. எம்முடைய கருத்தில், ஏட்டில் அச்சிட்ட எண்ணை வேதவாக்காகக் கொள்ளவேண்டுவதில்லை. ஆயின் அதனினும் மெல்ல வாசிப்பவர் அறிந்தே மெல்ல வாசித்தல் வேண்டும். இறுதியிற் பாட்டு மெல்லத் தளர்ந்து முடியும் இடங்களிலும் முதலில் கருவியோடு நேராக வாசித்துப் பழகிப் பின்னரே தளர்த்துக. தளர்ச்சி எத்துணை என்பது அப்போதுதான் நம் வசப்படும்.

விடுதி மாணாக்கர்க்கு ஒரு சொல். இரவு ஒன்பது மணிக்குமேல் செவிக்குழாயின்றி இதனை முடுக்குதல் அடுத்த அறையிற் படிப்போர்க்குப் பெருங்கொடுமை. சுவரூடு வருவது பாட்டன்று, தட்டொலி மட்டுமே. காசு போன்ற மின்கலம் இட்ட கருவியாயின், வீட்டிற் சிறு குழந்தைகள் எடுத்து விழுங்கா வண்ணம் மூடியை இறுக்கி வைக்க. விழுங்கின் உயிர்க்கே இடர். விரல் போன்ற மின்கலம் இட்டதாயின் கோடை விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் அதனைக் கழற்றி வைத்துச் செல்க. எம்முடைய முதற்கருவி அவ்வாறு செய்யாமையால், திரும்பி வருவதற்குள் உள்ளே பச்சை பூத்துக் கிடந்தது.