பரணில் கிடக்கும் லேப்டாப்பைக் கீழே இறக்குங்கள்

2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் கிடைத்தன. எங்கள் விளாத்திகுளம் பக்கத்தில் அவற்றில் பல இன்று பரணில், வத்தல் சாக்குகளுக்கு நடுவே தூசி படிந்து கிடக்கின்றன. சில பழைய இரும்புக்கடைக்கே போய்விட்டன. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க மனசு ஆறவில்லை. அதே லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால், வீடு முழுவதற்கும் இணையத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் சர்வராக இன்னும் பல வருஷம் உழைக்கும்.

எங்கள் ஊர்ப் பக்கம் கூட்டுக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வளவுக்கு ஒரே ஒரு ஃபைபர் இணைப்பு. சாயங்காலம் ஆனால் பெரியவர் முண்டு வத்தல் விலை கேட்டு வாட்ஸ்அப்பில் பேசுவார், மூத்தவர் மகள் டிஎன்பிஎஸ்சி ஆன்லைன் வகுப்பில் உட்காருவாள், இளையவர் மகன் பெரிய கேம் ஒன்றை டவுன்லோடு போடுவான். வகுப்பு விட்டு விட்டு வரும். ‘ஸ்பீடு பத்தல’ என்று கூடுதல் பணம் கட்டி அடுத்த பிளானுக்கு மாறுவார்கள். மாறியும் அதே கதைதான்.

பெரும்பாலும் குறை வேகத்தில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. மோடத்திலோ இணையம் தரும் கம்பெனியின் பக்கத்திலோ எல்லோருடைய தகவலும் ஒரே வரிசையில் நிற்கிறது. டவுன்லோடு அந்த வரிசையை அடைத்துக்கொண்டால், வகுப்பின் குரல் பின்னால் காத்துக் கிடக்க வேண்டியதுதான். கண்மாயில் நீர்ப்பாய்ச்சி முறை வைத்து மடை திறக்காவிட்டால் கடைமடை காய்வதைப் போல. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இந்த முறை வைக்கும் வேலைக்கென்றே ‘கேக்’ என்ற நிரல் 2018-லிருந்து இருக்கிறது. நெருக்கடி நேரத்தில் யார் எவ்வளவு இழுத்தாலும் ஒவ்வொரு கருவிக்கும் சமபங்கு போகும்படி அது பார்த்துக்கொள்ளும். 40 எம்பிபிஎஸ் பிளான் என்றால் 36 என்று கொஞ்சம் குறைத்து அமைக்க வேண்டும். அப்போதுதான் வரிசை அங்கே சேராமல் நம் கைக்கு வரும். இந்தத் தாமதத்தை ஒழிக்கவே பல வருஷம் பாடுபட்டவர் டேவ் டாட். 2025 ஏப்ரலில் காலமானார். அவரும் கூட்டாளிகளும் செய்த வேலை உலகத்துக்கே இலவசம். நாம்தான் அதை எடுத்துப் பயன்படுத்தாமல் இருக்கிறோம்.

இதற்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம். 2 ஜிபி ராமும் 320 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் டெபியன் லினக்ஸுக்குத் தாராளம். லேப்டாப்பில் லேன் போர்ட் ஒன்றுதான் இருக்கும். யுஎஸ்பியில் செருகும் இன்னொரு லேன் அடாப்டர் வாங்க வேண்டும், செலவு அவ்வளவுதான். மோடத்திலிருந்து வரும் வயர் ஒன்றில், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய வைஃபை ரூட்டர் மற்றொன்றில். மோடத்தின் வைஃபையை அணைத்துவிட வேண்டும். ஒரு பக்கம் வரும் தகவலை மறுபக்கம் கடத்தச் சொல்லி கர்னலுக்கு ஒரு வரி, வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே முகவரியில் வெளியே போக என்எஃப்டேபிள்ஸில் ஒரு விதி, ஒவ்வொரு போனுக்கும் 192.168 என்று தொடங்கும் எண் கொடுக்க டிஎன்எஸ்மாஸ்க். பாலிடெக்னிக் படித்த பிள்ளை ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடும். லேப்டாப் இழுப்பது 20 வாட் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு அரை யூனிட்தான் ஆகும். ஒரே எச்சரிக்கை: பேட்டரி உப்பியிருந்தால் கழற்றிவிடுங்கள், அது தீப்பிடிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே அந்த ஹார்டு டிஸ்க்கில் இறக்கி வைக்கலாம். ஜேசிபி ரோட்டைத் தோண்டி ஃபைபர் அறுந்தாலும் பிள்ளைகள் படிக்கலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் மாவட்டத்தின் பல ஊர்கள் தொடர்பற்றுக் கிடந்ததை மறந்துவிட முடியுமா?

அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். நல்ல முடிவு. ஆனால் அதை என்ன செய்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வாங்கிய கையோடு அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. பழைய லேப்டாப்புகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. மிச்சமிருக்கும் நேர்மையான வழி லினக்ஸ்தான்.

இந்த இணையப் பங்கீடு உங்கள் வீட்டுக்குள் மட்டும். தெருவுக்கே வயர் இழுத்துக் காசு வாங்காதீர்கள், சட்டச் சிக்கல் வரும். அப்படிக் கொடுக்க ஆசைப்படும் டீக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் மத்திய அரசு 2020 டிசம்பரில் அனுமதித்த பொது வைஃபைக்கான பிஎம்-வாணி திட்டம் இருக்கிறது. அதில் கடைக்காரருக்கு உரிமமோ கட்டணமோ கிடையாது.

பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள்: மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு சனிக்கிழமை, பழைய லேப்டாப்போடு பெற்றோரையும் மாணவரையும் வரச்சொல்லி இதைச் செய்து காட்டுங்கள். விளாத்திகுளத்தில் நடத்தினால் நான் கூலி வாங்காமல் வந்து நிற்கிறேன். வாசகர்களுக்கு: கணியம் இணைய இதழ் 2012 முதல் லினக்ஸைத் தமிழிலேயே சொல்லித் தருகிறது. அதைப் படியுங்கள், இந்த வாரமே பரணில் ஏறிப் பாருங்கள்.