படிக்கத் தயங்கும் வயதுக்கு ஒரு காதல் கதை

மாவட்டந்தோறும் அரசு முன்னின்று நடத்தும் புத்தகக் காட்சிகளுக்குப் பள்ளி மாணவர்கள் பேருந்துகளில் அழைத்து வரப்படுகின்றனர். அண்மையில் அத்தகைய காட்சி ஒன்றில், ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எதை வாங்குகின்றனர் என்று அரை மணி நேரம் கவனித்துக்கொண்டிருந்தேன். பொது அறிவுத் துணுக்குகள், முப்பது நாளில் ஆங்கிலம், கையடக்கத் திருக்குறள். பலர் எதையும் வாங்கவில்லை. கையில் பணமில்லாதது ஒரு காரணம். அவர்கள் விரும்பிப் படிக்கக்கூடிய புத்தகம் அங்கு இல்லாதது மற்றொரு காரணம். முதல் காரணத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பிரதம் அமைப்பின் ‘ஏசெர் 2023’ அறிக்கை, நாடு முழுவதும் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ள ஊரகப் பிள்ளைகளிடம் எடுக்கப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ 25 சதவீதத்தினரால் இரண்டாம் வகுப்பு நிலையிலான ஒரு பத்தியைத் தங்கள் மாநில மொழியில் சரளமாக வாசிக்க இயலவில்லை. பதினைந்து வயதின் ஆசைகளும் எட்டு வயதின் வாசிப்புத் திறனும் ஒரே பிள்ளையிடம் இருக்கின்றன. காக்கை, நரிக் கதையைக் கொடுத்தால் அவமானமாக உணர்கிறான். ‘பொன்னியின் செல்வ’னைக் கொடுத்தால் மூன்றாம் பக்கத்தில் மூடி வைக்கிறான். கைப்பேசி மட்டுமே அவனை அவமதிப்பதும் இல்லை, மிரட்டுவதும் இல்லை.

பிரிட்டனில் இதற்கென்றே 1998-இல் எடின்பரோ நகரில் பாரிங்டன் ஸ்டோக் என்ற பதிப்பகம் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு நூலுக்கும் அது இரு வயதுகளைக் கணக்கிடுகிறது: ஆர்வத்தின் வயது ஒன்று, வாசிப்பின் வயது ஒன்று. பதின்பருவத்தினருக்கான கதை, எட்டு வயதுப் பிள்ளை படிக்கக்கூடிய மொழியில் அமைகிறது. கண்ணை உறுத்தாத மங்கலான மஞ்சள் தாள், இடைவெளி மிகுந்த எழுத்து, குறைந்த பக்கங்கள்.

அமெரிக்காவில் 1983-இல் வெளிவரத் தொடங்கிய ‘ஸ்வீட் வேலி ஹை’ என்ற பள்ளிக்கூடக் காதல் கதை வரிசையை அந்நாட்டு நூலகர்கள் பலர் முகம் சுளித்தே பார்த்தனர். அதன் சிறுவர் பிரிவு நூல்களை, ஆங்கிலத்தில் தடுமாறிய குடியேறிய பெண்கள் நால்வருக்குக் கொடுத்து, ஸ்டீபன் கிராஷனும் அவருடைய சக ஆய்வாளரும் 1994-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சில மாதங்களில் அவர்கள் தாமாகவே தேடிப் படிப்பவர்களாயினர், சொல்வளமும் கூடியது. நால்வரை வைத்துப் பொது விதி வகுக்காதே என்று என் ஆய்வு மாணவர்களிடம் நானே கண்டித்திருப்பேன். ஆயினும் எந்த நூலகத்தில் கேட்டாலும் கிடைக்கும் அனுபவத்தோடு அது ஒத்துப்போகிறது.

தமிழில் இத்தகைய நூலை எழுதுவது ஆங்கிலத்தைவிடக் கடினம். ஆங்கிலத்தில் வாக்கியத்தைச் சுருக்கினால் பெரும்பாலும் போதும். தமிழிலோ தயங்கி வாசிக்கும் பிள்ளைக்குத் தடையாக நிற்பது சொல்லின் நீளம். ‘போய்க்கொண்டிருந்தபோதெல்லாம்’ என்ற ஒற்றைச் சொல்லில் பதினான்கு எழுத்துகள் உள்ளன. எழுத்துக்கூட்டி அதன் இறுதிக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். எனவே புணர்ச்சியைப் பிரித்து, வினையைச் சுருக்கி எழுத வேண்டும். உரையாடலைப் பேச்சுத் தமிழில் விடலாமா என்பது அடுத்த சிக்கல். கொச்சை பழகிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் வாதிட்டவன். இப்போது மாறிவிட்டேன். ‘எங்கே போறே?’ என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை, அச்சில் அதைப் பார்க்கும்போது எழுத்தும் தன் மொழிதான் என்று உணர்கிறது. கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழிலேயே இருக்கட்டும்.

காதல் எதற்கு, அறிவியலோ விளையாட்டோ போதாதா என்ற கேள்வி எழும். அவையும் வேண்டும். ஆனால் தொண்ணூறுகளில் வகுப்பின் கடைசி வரிசைகளிலிருந்து நான் பறிமுதல் செய்த மாத நாவல்கள் என் மேசை இழுப்பறையில் சேர்ந்துகொண்டே இருந்தன. பல கை மாறி மூலை மடங்கி, அட்டை கிழிந்து, நூல் பிரிந்த புத்தகங்கள். நான் பரிந்துரைத்த பொருளியல் நூல்களோ நூலக அலமாரியில் புதுமெருகு குலையாமல் இருந்தன. நுகர்வோர் எதை விரும்புகிறார் என்பதை அவர் சொல்லிலிருந்து அறிவதைவிடத் தேர்விலிருந்து அறியலாம் என்ற சாமுவேல்சனின் கோட்பாட்டை அதே வகுப்பில்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.

அந்த நாவல்கள் பெரியவர்களுக்கு எழுதப்பட்டவை. திருமணமும் மாமியாரும் சொத்தும்தான் அவற்றின் உலகம். பதினைந்து வயதின் காதல் வேறு. பக்கத்து வகுப்புப் பெண்ணிடம் பேனா கேட்கத் துணிவதற்கே நாற்பது பக்கம் தேவைப்படும் காதல் அது. அதில் நகைச்சுவைக்கு இடமுண்டு, தோல்விக்கும் இடமுண்டு.

அச்சம் இருப்பது நியாயம். சாதி கடந்த காதலுக்காக இளைஞர்கள் வெட்டப்படும் மாநிலம் இது. உடுமலையில் 2016-இல் நடந்ததை மறக்க இயலாது. பதினெட்டு வயதுக்குட்பட்டோரைக் காக்கும் போக்சோ சட்டமும் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. எழுதுவோர் எல்லை அறிந்தே எழுத வேண்டும். ஆனால் நாம் புத்தகம் கொடுக்காவிட்டால் பிள்ளைகள் காதலை அறியாமல் இருந்துவிடுவார்களா? மறுக்கும் பெண்ணை விடாமல் பின்தொடர்ந்தால் இறுதிக்காட்சியில் சம்மதிப்பாள் என்பதைத் திரைப்படங்கள் பல பத்தாண்டுகளாகக் கற்பித்து வருகின்றன. ‘வேண்டாம்’ என்று அவள் சொன்னதும் முகம் வாடி, நண்பனிடம் புலம்பி, மறுநாள் கால்பந்து ஆடப் போகும் ஒரு பையனை நம் பிள்ளைகள் எங்கே சந்திப்பர்?

பிறகு ஏன் யாரும் எழுதவில்லை? பொருளியலில் இதற்கு விடை எளிது. இச்சந்தையில் படிப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர். பெற்றோர், பள்ளி, நூலகத் துறை ஆகிய மூவருமே மதிப்பெண்ணும் ஒழுக்கமும் தரும் நூலை வாங்குகின்றனர். வாங்க ஆளில்லாததைப் பதிப்பாளர் அச்சிடுவதில்லை. அச்சேறாததை எழுத்தாளர் எழுதுவதில்லை. தமிழில் பதின்பருவ இலக்கியம் என்ற அலமாரியே மெலிந்து கிடப்பதற்கு எழுத்தாளர்களை மட்டும் குறை சொல்வது தவறு.

இம்முடிச்சை அவிழ்க்கும் பணம் நம்மிடமே உள்ளது. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். இன்று அது ரூபாய்க்குப் பத்துக் காசு. அச்சட்டத்துக்காக உழைத்த சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதாகும். தயங்கி வாசிக்கும் பதினைந்து வயதினரை அவர் விலக்கவில்லை.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நூல்களை நிலைவாரியாகப் பிரித்தது நல்ல தொடக்கம். அதில் நிலை இருக்கிறது. ஆர்வத்தின் வயது இன்னும் தனியே கணக்கிடப்படவில்லை. ‘நட’ நிலை மொழியில் பத்தாம் வகுப்புக்கான கதைகளை எழுத்தாளர்களிடம் கேட்டு வாங்கலாம். குறைந்தபட்சப் படிகளை நூலகங்கள் வாங்கிக்கொள்ளும் என்ற உறுதியை முன்கூட்டியே தரலாம். நூல் தேர்வுக் குழுக்களில் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற பேராசிரியர்களுக்கு எப்போதும் இடமுண்டு. அந்த நாற்காலிகளில் இரண்டைக் காலி செய்து, படிப்பதே பிடிக்காது என்று சொல்லும் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவரையும் மாணவி ஒருவரையும் அமர்த்தலாம். கையெழுத்துப் படியை அவர்கள் எந்தப் பக்கத்தில் மூடி வைத்தனர் என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.