யார் வீட்டு மருந்து?

'சர்க்கார் ஆராய்ச்சிசாலையில் கண்டுபிடித்ததைக் கம்பெனிக்காரனுக்கு விற்றால் உமக்கு ஏன் ஐயா வயிறு எரிகிறது? நீர் மட்டும் கதை எழுதி ராயல்டி வாங்கவில்லையா?' என்று என் நண்பர் போன வாரம் கேட்டார். என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டேதான் கேட்டார்.

வாங்குகிறேன். பெரிய தொகை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஆனால் எழுதும்போது நான் தின்றது என் வீட்டுச் சோறு. எழுதுவதற்கென்றே சர்க்கார் எனக்குச் சம்பளமும் மேஜையும் விளக்கும் கொடுத்திருந்தால், அந்தக் கதை என்னுடையதா ஊருடையதா என்று நானே கேட்டிருப்பேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு அம்மாள் இருக்கிறாள். அவளுக்கு ஒரே ஒரு பசு. 2022ஆம் வருஷம் அதன் கழுத்திலும் தொடையிலும் கட்டி கட்டியாகக் கிளம்பி, காய்ச்சல் கண்டு, பால் நின்றுபோயிற்று. தோல் கழலை நோய். 'இதுக்கு ஊசி கண்டுபிடிச்சுட்டாங்களாமே, எப்பங்க வரும்?' என்று கேட்டாள். சீக்கிரமே வரும் என்றேன். பத்திரிகையை நம்பிச் சொன்ன வார்த்தை.

பத்திரிகை பொய் சொல்லவில்லை. அந்த நோய் நம் தேசத்துக்குள் நுழைந்தது 2019ல். அந்த வருஷமே ராஞ்சியில் ஒரு மாட்டிலிருந்து வைரஸை எடுத்து, ஹிசாரில் குதிரைகளுக்கென்று ஏற்பட்ட சர்க்கார் நிலையத்தின் விஞ்ஞானிகள் அதைச் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்துச் சாதுவாக்கினார்கள். குதிரை வைத்தியர்கள் பசுவைக் காப்பாற்றப் புறப்பட்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 2022 ஆகஸ்ட் 10ஆம் தேதி மந்திரியே அந்தத் தடுப்பூசியை வெளியிட்டார். அந்த ஒரு வருஷத்தில் ராஜஸ்தான், குஜராத் முதலான இடங்களில் செத்த மாடுகள் லட்சத்துக்கும் மேல். ஆட்டம்மைக்கு உண்டான ஊசியைத்தான் மாட்டுக்குப் போட்டுச் சமாளித்தார்கள்.

பிறகு விற்பனைப் படலம். வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலுக்குத் தன் கண்டுபிடிப்புகளை வியாபாரம் பேசவென்றே 2011 முதல் சொந்தக் கம்பெனி ஒன்று உண்டு. அதன் வழியாகக் கைமாறிய அந்த ராஞ்சி வைரஸைக் கொண்டு ஒரு தனியார் கம்பெனி செய்த மருந்துக்கு லைசென்ஸ் கிடைத்தது 2025 பிப்ரவரியில். விரல் விட்டு எண்ணினால் இரண்டரை வருஷம்.

பரீட்சை பார்க்காமல் ஊசி குத்து என்று நான் சொல்லவில்லை. ஹிசார் விஞ்ஞானி உட்கார்ந்து கோடிக்கணக்கில் குப்பி நிரப்ப முடியாது என்பதும் தெரியும். கம்பெனி வேண்டும், அதற்குக் கூலியும் வேண்டும். என் சண்டை அதனோடு அல்ல. மருந்து வியாபாரத்துக்கும் நோய்க்கும் ஒத்துவராத ஒரு சங்கதி இருக்கிறது. கொசுவும் ஈயும் உண்ணியும் இந்த நோயைப் பரப்புகின்றன. காசு கொடுத்து ஊசி போட்ட மாடு எது, போடாத மாடு எது என்று ஈ பார்ப்பதில்லை. எல்லா மாட்டுக்கும் போட்டால்தான் பலன். ஆகவே கடைசியில் சர்க்காரே மொத்தமாக வாங்கியாக வேண்டும். கண்டுபிடிக்க ஒரு தரம் வரி கொடுத்த ஜனங்கள், குப்பிக்கு இன்னொரு தரம் கொடுக்கிறார்கள். அப்படியானால் விலைக்கு உச்சவரம்பு என்ன, இத்தனை மாதத்துக்குள் செய்து தராவிட்டால் உரிமை பறிபோகுமா என்றெல்லாம் கேட்க அந்தத் தெருக்கோடி அம்மாளுக்குப் பாத்தியதை உண்டா இல்லையா?

'இனாமாகக் கொடுத்தால் மதிப்பு இருக்காது. ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வரும்?' என்கிறார் நண்பர். வெக்கை நோயை அவர் மறந்துவிட்டார். நம் தாத்தாக்கள் காலத்தில் ஊர் ஊராக மாட்டை வாரிக்கொண்டு போன நோய். முக்தேஸ்வரத்தில் சர்க்கார் ஆராய்ச்சிசாலை ஆட்டில் வளர்த்து மருந்து கண்டது. சர்க்கார் நிலையங்கள் செய்தன. சர்க்கார் ஆட்கள் ஊர்க் கோடியில் மாட்டை நிறுத்திக் குத்தினார்கள். 2006ல் இந்தியாவும் 2011ல் உலகமும் அந்த நோய் ஒழிந்தவை என்று அறிவிக்கப்பட்டன. அதில் ராயல்டி எவ்வளவு வந்தது என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் கேட்கவில்லை. வரவு தொழுவத்தில் நின்றது.

ராணிப்பேட்டையில் 1932 முதல் ஒரு சர்க்கார் கால்நடைத் தடுப்புமருந்து நிலையம் இருக்கிறது. புனாவிலும் உண்டு, 2022 டிசம்பரில் அதற்கு இந்த ஊசி செய்யும் உரிமையைக் கொடுத்தார்கள். நல்ல காரியம். இம்மாதிரி நிலையங்கள் அத்தனைக்கும் கண்டுபிடித்த அன்றே விதை வைரஸைக் கட்டணமில்லாமல் கொடு. செய்வதற்கு வேண்டிய கட்டடத்தையும் ஆளையும் கொடு. பிறகு கம்பெனிகளைக் கூப்பிட்டு விலை பேசு என்கிறேன்.

அம்மாளின் பசு பிழைத்துக்கொண்டது. உடம்பெல்லாம் தழும்பு, பால் பாதி. நண்பர் ஞாயிற்றுக்கிழமை மறுபடி காப்பிக்கு வருவார். அவருக்குக் கொடுக்கும் பால் அந்தப் பசுவினுடையதுதான்.