கூழாங்கல் கரையிலே

சீமைக்குப் போகும் நம்மவர்கள் லண்டன் மாநகரின் கோபுரங்களையும் பொருட்காட்சி சாலைகளையும் பார்த்துவிட்டு, ஜன்ம சாபல்யம் அடைந்தவர்களாகத் திரும்பி விடுகிறார்கள். ஒரு நாள் அவகாசமுள்ளவர்கள் தெற்கே சுமார் 50 மைல் தூரத்திலுள்ள பிரைட்டன் பட்டணத்துக்கும் போய்வர வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். ரயிலில் ஒரு மணி நேரப் பிரயாணந்தான்.

கடற்கரையென்றதும் மணலை எதிர்பார்த்துச் செல்பவர்கள் ஏமாந்து போவார்கள். எங்கு பார்த்தாலும் கூழாங்கற்கள்! அவற்றின் மேல் வெறுங்காலுடன் நடப்பது ஒரு தவம். ஆயினும் சூரிய பகவான் சற்றே தலைகாட்டிவிட்டால், ஆங்கிலேயர் குடும்பம் குடும்பமாக வந்து சாய்வு நாற்காலிகளில் சாய்ந்துவிடுகிறார்கள். சிலர் கடலை நோக்கியபடி பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் தின்கிறார்கள். கடலுக்குள் சுமார் 1,700 அடி நீண்டு செல்லும் இரும்பு மேடை ஒன்று 1899-ம் வருஷம் முதல் இருக்கிறது. அதன்மேல் ராட்டினமும் விளையாட்டுச் சாலைகளும் இரைச்சலுமாக ஒரு திருவிழாவே நடக்கிறது. எந்த இடத்தில் ஒடித்தாலும் உள்ளே ஊரின் பெயர் தெரியும்படி எழுத்துக்களை வைத்துச் செய்த சர்க்கரைக் குச்சியும் விற்கிறார்கள். நம் வீட்டுக் குழந்தைகள் கண்டால் விடமாட்டார்கள்.

இந்த உல்லாசமெல்லாம் மருந்திலே தொடங்கியது என்பதுதான் வேடிக்கை. ரிச்சர்ட் ரஸ்ஸல் என்னும் வைத்தியர் கடல்நீரின் மகிமையைப் பற்றி 1750-ல் லத்தீன் பாஷையில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் முழுகுவது மட்டுமல்ல, அதைக் குடிக்கவும் வேண்டுமென்றார்! பிரபுக்களும் சீமாட்டிகளும் ஓடிவந்தார்கள். குதிரை பூட்டிய மரக் கூண்டில் ஏறித் தண்ணீருக்குள் சென்று, பிறர் கண்ணில் படாமல் முழுகினார்கள். 1841-ல் ரயில் வந்த பிறகு லண்டன் தொழிலாளிகளும் வந்தார்கள். மருந்து போயிற்று, குதூகலம் நின்றது.

வைத்தியத்துக்கென வந்தவர்களைப் பிடித்து உடம்பு பிசைந்துவிட்ட ஒரு மகானுபாவர் நம் தேசத்தவர். பாட்னாவில் 1759-ல் பிறந்த தீன் முகம்மது 1814-ல் இவ்வூருக்கு வந்து, நீராவி ஸ்நானமும் எண்ணெய்ப் பிடிப்புமாக ஒரு சாலை ஏற்படுத்தினார். நாலாம் ஜார்ஜ் மன்னரே அவருடைய சிகிச்சைக்கு உட்பட்டார். 'ஷாம்பு' என்று இன்று நாம் புட்டியில் வாங்கும் பொருளின் பெயர், பிசைவதைக் குறிக்கும் ஹிந்துஸ்தானிச் சொல்லிலிருந்து பிறந்ததே.

அந்த ஜார்ஜ் இளவரசராயிருந்தபோது கட்டத் தொடங்கிய அரண்மனை ஊர் நடுவே நிற்கிறது. வெளியே மொகலாயக் கும்பங்களும் மினார்களும். உள்ளே சீன டிராகன்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டிராத ஒருவருக்கு இந்தியா இப்படித்தான் கனவில் தோன்றும் போலும். விக்டோரியா மகாராணிக்கு இந்த மாளிகை பிடிக்கவில்லை. 1850-ல் ஊரார் அதை விலைக்கு வாங்கிவிட்டார்கள்.

இந்தக் கிரய விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1914 டிசம்பர் முதல் 1916 ஆரம்பம் வரை, பிரான்ஸ் யுத்தகளத்தில் காயமடைந்த இந்திய சிப்பாய்களுக்கு இம்மாளிகை ஆஸ்பத்திரியாயிற்று. 4,000-க்கு மேற்பட்டவர்கள் இங்கே சிகிச்சை பெற்றார்கள். ஜாதி மத ஆசாரங்களுக்கேற்பத் தனித்தனிச் சமையற்கட்டுகளும் குழாய்களும் அமைத்தார்கள். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் சக்கரவர்த்தி தமது சொந்த அரண்மனையையே சிப்பாய்களுக்கு ஒழித்துக் கொடுத்தார் என்ற எண்ணம் பரவும்படி விட்டார்களே, அதுதான் உறுத்துகிறது. அரண்மனை ராஜ குடும்பத்தின் கையைவிட்டுப் போய் அப்போது 64 வருஷமாகியிருந்தது! படுக்கைகள் வரிசையாகத் தெரியும் படங்கள் அச்சாகி, இந்தியாவுக்கும் வந்தன. படத்தில் இருந்தவர்களோ இஷ்டப்படி கடற்கரையில் உலாவ அநுமதியில்லாதவர்கள்.

பிரைட்டன் ஆஸ்பத்திரிகளில் உயிர் நீத்த ஹிந்துக்களும் சீக்கியருமான 53 பேரை, ஊருக்கு வடக்கே பாட்சம் கிராமத்துக்கு மேலுள்ள குன்றில் தகனம் செய்தார்கள். அவ்விடத்தில் எட்டுத் தூண்களின் மேல் வெள்ளைச் சலவைக்கல் கும்பத்துடன் ஒரு மண்டபம் 1921-ல் எழுந்தது. 'சத்திரி' என்று பெயர். குடை என்று அர்த்தம். இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறிக்க மட்டும் 2010-ம் வருஷம் வரை ஆயிற்று. இப்போது மண்டபத்தினருகே தனிக் கல்லில் அப்பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதத்தில் அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள்.

மண்டபத்தின் வாசல் வரை வண்டி போகாது. புல்வெளி வழியாக ஏறி நடக்க வேண்டும்; வழியில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். கடற்கரையை முதலில் பார்த்துவிட்டு மாலையில் போகலாமென்று எண்ணுகிறவர்கள், காலையிலேயே குன்றுக்குப் போய்விட்டுப் பிறகு கடலுக்கு இறங்குவது நலம்.