எல்லைக் கல் யானைக்குத் தெரியாது

பெங்களூரிலிருந்து பஸ் ஏறி ஊருக்குப் போகும் நமக்கு, அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. யானைக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா, காவிரிக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் கேழ்வரகு முற்றும் காலத்தில் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் வந்து போகின்றன. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி தின்னும் பிராணி ஒரே காட்டில் அடைந்து கிடக்க முடியாது. நடந்தால்தான் அதற்குப் பிழைப்பு.

உலகில் யானை மூன்று வகை. ஆப்பிரிக்கச் சமவெளி யானை, ஆப்பிரிக்கக் காட்டு யானை, நம்முடைய ஆசிய யானை. ஆப்பிரிக்க வகைகளில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. நம் யானையில் ஆணுக்கு மட்டுமே நீண்ட தந்தம்; அதிலும் தந்தமில்லாத ஆண், மக்னா என்று அழைக்கப்படுகிறது. காது சிறிது, முதுகு சற்றே வளைந்து உயர்ந்தது, தும்பிக்கை நுனியில் ஒரே விரல். மூன்று வகையுமே அழியும் ஆபத்தில் உள்ளவை என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பட்டியலிட்டிருக்கிறது.

2025 அக்டோபரில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 22,446 காட்டு யானைகள் உள்ளன. கர்நாடகத்தில் 6,013, தமிழ்நாட்டில் 3,136. நாட்டிலேயே அதிக யானைகள் வாழ்வது நாம் பிழைக்க வந்த இந்த மாநிலத்தில்தான்.

ஒரு காலத்தில் தந்தத்துக்காக யானையைச் சுட்டார்கள். இன்று அதைவிடப் பெரிய எமன் மின்கம்பி. 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்தாண்டுகளில் மின்சாரம், ரயில், வேட்டை, விஷம் ஆகியவற்றால் 528 யானைகள் மாண்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. இவற்றில் 392 மின்சாரம் தாக்கி இறந்தவை. வேட்டைக்குப் பலியானவை 50. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, வயலைச் சுற்றிக் கட்டிய மின்கம்பியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் அநாதைகளாயின. யானை கருவுற்றால் ஏறத்தாழ 22 மாதம் சுமக்கிறது. இப்படிப் போன உயிர்களை ஈடு செய்ய எத்தனை ஆண்டு பிடிக்கும்?

விவசாயியின் வயிற்றெரிச்சல் நமக்குத் தெரியாததல்ல. கடன் வாங்கிப் போட்ட பயிர் ஒரே இரவில் போனால் யாருக்குத்தான் மனம் பதறாது? யானை மிதித்து மனிதர் இறப்பதும் உண்டு. ஆகவே, 'யானையைக் காப்பாற்று' என்று அவனுக்கு உபதேசம் செய்தால் மட்டும் போதாது. நஷ்டஈடு அடுத்த விதைப்புக்கு முன்பே அவன் கைக்கு வந்து சேர வேண்டும். அது தாமதமாகும்போதுதான் கம்பியில் நேரடி மின்சாரம் ஏறுகிறது.

முறையான சூரிய மின்வேலி விட்டு விட்டு அதிர்ச்சி தரும், உயிரைக் குடிக்காது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் இணைப்பதோ கொலைக் குற்றத்துக்குச் சமானம். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் சொந்த அண்ணன் தம்பியையும் அது விட்டுவைப்பதில்லை. மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தத் தமிழ்நாடு அரசு 2023-இல் விதிகள் வகுத்தது. அவை ஏட்டோடு நின்றுவிடலாகாது.

காவிரி நீருக்காக வழக்காடும் இரு மாநிலங்களும் காவிரிக் கரை யானைக்காகவாவது ஒன்றுபடலாம். தமிழ்நாடு 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என இரு சரணாலயங்களை அறிவித்தது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். காடு தொடர்ச்சியாக இருக்கிறது; அதிகாரிகளின் ஒத்துழைப்பும் அவ்வாறே தொடர வேண்டும். கூட்டம் இந்தப் பக்கம் கிளம்பியதுமே அந்தப் பக்கத்துக் கிராமத்துக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலமுள்ளவர்கள் நம்மில் அநேகர். அடுத்த முறை ஊருக்குப் பணம் அனுப்பும்போது, வேலியில் நேர் மின்சாரம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம். காட்டோரத்தில் மலிவாக வீட்டு மனை என்று தரகர் சொன்னால், அது யானை நடக்கும் வழியா என்று முதலில் விசாரிக்கலாம். பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்தவர்கள் நாம். யானையும் அதற்காகவேதான் எல்லை தாண்டுகிறது.