வாய்க்கால் கரையும் மிதிவண்டியும்

மிதிவண்டி உள்ள வீடுகள் நம் சிற்றூர்களில் இன்றும் பல. ஆயினும் அந்த வண்டிக்கு வீட்டில் இருந்த இடம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வருவதைக் காண்கிறோம். சந்தைக்கும் பள்ளிக்கும், உறவினர் வீட்டிற்கும், வில்லியனூர் மாதா திருவிழாவிற்குங்கூட மிதிவண்டியிலேயே சென்று வந்தவர்கள் நம் பெரியவர்கள். இன்றோ, பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்க அடுத்த ஊர்க் கடைக்குப் புறப்பட்டாலும், "சைக்கிளை எடுக்காதே, ரோட்டில் லாரி வரும்" என்று தாய் தடுக்கிறாள். அவள் அச்சம் நியாயமானதே. சாலை அகலமாகும்போது வேகமும் பெருகுகிறது. வேகம் பெருகிய சாலையில் மிதிவண்டிக்காரர் ஓரத்து மண்ணுக்குத் தள்ளப்படுகிறார்.

இதனால் நாம் இழப்பது பொழுதுபோக்கு ஒன்றை மட்டுமன்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். தண்ணீர் எடுக்கவும், விளைபொருள் விற்கவும், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் பிறர் துணையை எதிர்பாராத நிலை அவர்களுக்கு வாய்த்தது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. வண்டி கொடுத்தாயிற்று. அது அச்சமின்றி உருள ஒரு வழி கொடுத்தோமா என்பதே நம் கேள்வி.

மேலை நாடுகள் சில, மோட்டார் வண்டிகள் நுழையாத மிதிவண்டி வழிகளை நாட்டுப்புறத்தின் ஊடே அமைத்திருக்கின்றன. அவற்றுள் புகழ்பெற்றவை பல, புதிதாக நிலம் எடுத்துப் போடப்பட்டவை அல்ல. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து அன்பர்கள் சிலர் 1977-இல் ஒரு சங்கம் கண்டனர். பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையே கைவிடப்பட்டுக் கிடந்த இருப்புப் பாதைத் தடத்தை, 1979 முதல் 1986 வரை தொண்டர்களின் உழைப்பைக் கொண்டு, நடப்போர்க்கும் மிதிவண்டிக்குமான வழியாக அது மாற்றியது. பின்னர் அந்நாடு முழுவதும் பரவிய மிதிவண்டி வழிகளுக்கு அதுவே முன்னோடியாயிற்று. பிரான்சு நாட்டில் 1681-இல் முடிக்கப்பட்ட மிதிக் கால்வாயின் கரையில் முற்காலத்தில் குதிரைகள் படகுகளை இழுத்துச் சென்றன. இன்று அக்கரையில் குடும்பங்கள் மிதிவண்டியில் உலாச் செல்கின்றன. மோட்டார் வண்டி புகாத இத்தகைய வழிகளை அந்நாட்டார் "பசுமை வழி" என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர்.

பழைய தடம் ஒன்று, அதைப் பேண மனமுள்ள மக்கள், தடம் அறுபடாத தொடர்ச்சி ஆகிய மூன்றும் சேர்ந்தால் வழி பிறக்கிறது. இவற்றுள் முதலாவது நம்மிடம் இல்லையா?

பாகூர் வட்டாரத்துக் கரையாம்புத்தூரை எண்ணிப் பார்ப்போம். தென்பெண்ணையை அடுத்த இவ்வூர்ப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள், சொர்ணாவூர் அணைக்கட்டு இருக்கிறது. அங்கிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, புதுவையின் இரண்டாவது பெரிய ஏரியாகிய பாகூர் ஏரியை நிரப்புகிறது. பங்காரு, சிங்காரி என்னும் இரு சகோதரியர் பொதுநலங் கருதி வெட்டுவித்த வாய்க்கால் இது என்பது வழிவழிச் செய்தி. வழியின் முடிவில் ஏரியும், சோழர் காலத்து மூலநாதர் கோயிலும் உள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் ஆட்சியில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு தெரிவிக்கிறது. அணைக்கட்டில் தொடங்கி அந்தப் பழைய கல்வியூரில் முடியும் ஒரு வழியைக் காட்டிலும் நம் பிள்ளைகளுக்கு நல்ல வரலாற்றுப் பாடம் ஏது?

இவ்வாய்க்கால் கரை முழுவதும் இன்றே மிதிவண்டிக்கு ஏற்றது என்று நாம் கூறவில்லை. எந்த வாய்க்கால் கரையிலும் எதிர்ப்படக்கூடிய இடர்கள் சில உண்டு. கரை ஓரிடத்தில் உடைந்திருக்கும். ஓரிடத்தில் முள் அடைத்திருக்கும். ஓரிடத்தில் சாலை குறுக்கிடும். அந்தக் குறுக்கீடே பெரிய ஆபத்து. ஐந்து கிலோமீட்டர் அமைதியான வழியில் வந்த சிறுவன், ஐம்பது அடி அகலமுள்ள சாலையைக் கடக்க இயலாவிட்டால், அந்த ஐந்து கிலோமீட்டரும் வீண். எனவே இத்தகைய வழிக்குச் செலவிட வேண்டிய முதற் பணம் கரைமீது தார் போட அன்று. சாலை குறுக்கிடும் இடத்தில் வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை, விளக்கு ஆகியவற்றிற்கே.

மற்றொன்றையும் மறக்கலாகாது. கரை முதலில் தண்ணீருக்கு உரியது. 2024 நவம்பர் 30 அன்று புதுவைக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலும், அதையடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் பாகூர்ப் பகுதி ஊர்களை எவ்வாறு மூழ்கடித்தன என்பதை நம் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. மிதிவண்டியின் பொருட்டுக் கரையைச் சரிக்கவோ, மண்ணை இறுகப் பிடித்து நிற்கும் பனைகளை வெட்டவோ கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வழியை மூடிவிடுவதே அறிவுடைமை. அடுத்து, கரை உழவருக்கு உரியது. அறுவடைக் காலத்தில் டிராக்டரும், அந்தி நேரத்தில் மாடுகளும் அவ்வழியே வரும். இறங்கி ஒதுங்கி வழிவிட வேண்டியவர் மிதிவண்டியில் வருபவரே. மதகுகளின்மேல் ஏறி விளையாடுவதும், தின்பண்ட உறைகளை வாய்க்காலில் எறிவதும் பெற்றோர் கண்டிக்க வேண்டியவை.

எல்லைச் சிக்கலும் உண்டு. புதுவையின் கொம்யூன்கள் தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே திட்டுத் திட்டாகக் கிடப்பதை நாம் அறிவோம். அணைக்கட்டு ஓர் அரசின் எல்லையில், ஏரி மற்றோர் அரசின் எல்லையில். தண்ணீர் இந்த எல்லையைப் பாராமல் ஓடுகிறது. வழியும் அவ்வாறே தொடர வேண்டுமானால் இரு பக்கத்துப் பொதுப்பணித் துறையினரும் உள்ளாட்சியினரும் ஒருங்கே அமர்ந்து பேச வேண்டும்.

பேண ஆளில்லாத வழி நிலைக்காது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் எட்டாவாவிலிருந்து ஆக்ராவரை 207 கிலோமீட்டர் நீளத்திற்கு மிதிவண்டிப் பாதை ஒன்று 2016-இல் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது பல இடங்களில் உடைந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் போனதைச் செய்தித்தாள்கள் எழுதின. அரசு போட்ட பாதையை ஊர் தன்னுடையதாகக் கொள்ளாவிட்டால் அதன் கதி அதுதான். தொண்டர் கைகளால் உருவான பிரிஸ்டல் வழியோ இன்றும் பயன்பட்டு வருகிறது.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது யாது? பெருந்திட்டம் வரும் என்று காத்திராமல், சிறிதாகத் தொடங்கலாம். தை, மாசி மாதங்களில் ஒரு ஞாயிறு மாலை, நான்கைந்து குடும்பங்கள் பெரியவர்கள் முன்னும் பின்னும் வர, பிள்ளைகளை நடுவே விட்டு, தம் ஊரை அடுத்த ஏரிக்கரை அல்லது வாய்க்கால் கரையில் போகக்கூடிய தூரம் போய்வரட்டும். உடைப்பு எங்கே, முள் எங்கே, சாலை குறுக்கிடுவது எங்கே, நிழலும் குடிநீரும் எங்கே என்று பிள்ளைகளே ஒரு தாளில் குறிக்கட்டும். அந்தத் தாளோடு கொம்யூன் பஞ்சாயத்துக்கு எழுதும் விண்ணப்பம், வெறுங்கையோடு எழுதுவதினும் வலிமையுடையது.

வழிகாட்டும் பலகைகளுக்கும் பெருஞ்செலவு தேவையில்லை. பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் ஹியூகோ பொல்லன் என்னும் சுரங்கப் பொறியாளர், நிலத்தடிச் சுரங்கத்தில் தொழிலாளர் வழி கண்டுபிடிக்கும் முறையை மிதிவண்டி வழிகளுக்குப் பயன்படுத்தினார். பாதைகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திற்கும் ஓர் எண், அடுத்த எண்ணைக் காட்ட ஓர் அம்புக்குறி, அவ்வளவே. 1995-இல் அங்குத் தொடங்கிய முறை அண்டை நாடாகிய நெதர்லாந்திற்கும் பரவியது. அதிகாரிகளின் இசைவு பெற்று, மதகடியிலும் கூட்டுவழியிலும் ஒரு கல் நட்டு, வெள்ளையடித்து எண் எழுதினால் நம் ஊர்ச் சிறுவனும் வழி தவறமாட்டான்.

தண்ணீர் கடைமடைவரை செல்ல வேண்டும் என்று நம் முன்னோர் கரை எடுத்தனர். தமக்கு மட்டும் என்று அவர்கள் எடுக்கவில்லை. ஆகவே நாமும் பயன் துய்க்கிறோம். அந்தக் கரை கரையாமலும், அதன்மேல் ஒரு பெண்பிள்ளை அச்சமின்றிப் பள்ளி சென்று வரவும் பார்த்துக்கொள்வது இத்தலைமுறையின் கடன். வீட்டுச் சுவரில் சாய்ந்து துருவேறும் மிதிவண்டிக்கு இந்த வாரமே காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் இடுவோம். அடுத்த ஞாயிறு கரையைப் பார்த்து வருவோம்.